அன்லூவில் துணி என்ன விலை?

ஊரில் பட்டுத்துணி மலிவாகக் கிடைத்தால் அம்மா வாங்கி, கோடைக்கு ஏற்ற ஒற்றைத் துணிக் கீழுடுப்பும் மேற்சட்டையும் தைத்து, பணத்தோடு சேர்த்து அனுப்ப வேண்டும். விலை ஏறியிருந்தால் தைக்க வேண்டாம். காசு மட்டும் வந்தால் போதும், இங்கே கிடைக்கும் துணியை வாங்கி நானே பார்த்துக்கொள்கிறேன். ஹெய்ஃபூ என்ற சிப்பாய் தன் வீட்டுக்கு எழுதிய கடிதத்தின் நடுப்பகுதிச் சாரம் இது. அவன் சின் அரசின் படையில் இருந்தான். கடிதம் எழுதப்பட்டது கி.மு. 223 என்பது பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கும் கணிப்பு. இன்னும் இரண்டு ஆண்டில் சீனம் முழுவதும் ஒரே அரசனின் கீழ் வரப்போகிறது. அந்தப் பெருநிகழ்வின் நடுவில் நின்று எழுதியவனுக்குக் கவலையெல்லாம் அன்லூ சந்தையில் துணி என்ன விலை என்பதுதான்.

பாசறையில் இருக்கும் தலைவனைச் சங்கப் பாட்டு வழியாக மட்டும் அறிந்த நமக்கு இது சற்றுத் திகைப்பைத் தரும். மழையும் முல்லையும் பிரிவும் இங்கே இல்லை. இருப்பது காசும் துணியும் கடனும். ஆனால் இந்தக் காசுக் கணக்கைச் சரியாகப் படித்தால் ஒரு பேரரசு எந்த வீட்டுப் பணத்தில் எழுந்தது என்பது தெரியவரும். சின் அரசின் போரைப் பற்றிச் சிமா சியென் போன்ற வரலாற்றாசிரியர்கள் எழுதியது தளபதிகளின் கதை. அந்தப் போரின் செலவுக் கணக்கில் ஒரு பக்கம் விவசாயக் குடும்பங்களின் பெயரில் எழுதப்பட்டிருந்தது என்பதை இந்தக் கடிதங்கள்தான் காட்டுகின்றன.

ஹூபே மாகாணத்தின் யுன்மெங் மாவட்டத்தில் ஷுய்ஹூதி என்ற இடத்தில் 1975இல் வடிகால் வாய்க்கால் வெட்டிய விவசாயிகளின் கண்ணில் பழைய கல்லறைகள் பட்டன. அந்தக் குளிர்காலத்திலேயே தொல்லியலாளர்கள் பன்னிரண்டு கல்லறைகளைத் தோண்டினார்கள். பதினொன்றாம் கல்லறை உலகப் புகழ் பெற்றது. ஷீ என்ற சிறு அதிகாரியின் உடலைச் சுற்றி அடுக்கியிருந்த 1,100க்கும் மேற்பட்ட மூங்கில் ஏடுகளில் சின் அரசின் சட்டங்கள் இருந்தன. நான்காம் கல்லறைக்கு அவ்வளவு புகழ் இல்லை. அதில் மை உருண்டை ஒன்று, மை அரைக்கும் கல் ஒன்று, அவற்றோடு இரண்டு மரப்பலகைகள். இரு பக்கமும் மையால் எழுதப்பட்ட அந்தப் பலகைகளே சீனத்தில் இதுவரை கிடைத்தவற்றில் மிகப் பழைய குடும்பக் கடிதங்கள். ஒன்று ஏறக்குறைய முழுதாக இருக்கிறது. நீளம் 23 சென்டிமீட்டர் சொச்சம், அகலம் இரண்டு விரற்கடை. மற்றொன்றின் அடிப்பகுதி உடைந்துபோனது.

முழுதாக உள்ளதை ஹெய்ஃபூவும் ஜிங்கும் சேர்ந்து அனுப்பினார்கள். உடைந்தது ஜிங் தனியாக எழுதியது. இருவரும் சகோதரர்கள். இரண்டு கடிதமும் ஊரில் இருக்கும் ஜோங் என்பவனுக்குப் போனது. அவன் மூத்தவன் என்று கொள்வதே பொருத்தம். நான்காம் கல்லறை இந்த ஜோங்கினுடையது என்பது பொதுவான கருத்து. பெறுநரின் பக்கத்தில்தானே கடிதம் இருக்கும்?

ஊரின் பெயர் அன்லூ. அதுதான் இன்றைய யுன்மெங். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அன்லூ முன்பு சூ அரசுக்குச் சொந்தமான பூமி. கி.மு. 278இல்தான் சின் படை அதைப் பிடித்தது. ஷீ தன் கல்லறையில் விட்டுப்போன ஆண்டுக் குறிப்பும் அதையே சொல்கிறது. அதன்பின் ஐம்பத்தைந்து ஆண்டு கழித்து அதே ஊர் இளைஞர்கள் சின் படையில் சேர்ந்து, மிச்சமிருக்கும் சூ நாட்டைப் பிடிக்கப் போகிறார்கள். இந்தக் குடும்பம் பழைய சூ குடியா, பின்னால் வந்து குடியேறிய சின் குடியா என்பதைக் கடிதம் சொல்லவில்லை. அது சகோதரர்களுக்கு ஒரு பொருட்டாகவே இருந்ததாகத் தெரியவில்லை.

போரின் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கி.மு. 225இல் லி ஷின் என்ற இளம் தளபதி இரண்டு லட்சம் பேரோடு சூ நாட்டின் மேல் போய் அடிபட்டுத் திரும்பினான். அடுத்து முதிய வாங் ஜியென் ஆறு லட்சம் பேரைக் கேட்டு வாங்கிக்கொண்டு புறப்பட்டார். இந்த எண்களைத் தருபவர் சிமா சியென். பழைய வரலாற்று நூல்களின் படைக்கணக்கை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் ஷீயின் குறிப்பிலும் கி.மு. 224க்கு நேராக ஆள் திரட்டல், சூ மீது படையெடுப்பு என்று இருப்பதால் அன்லூ வட்டாரம் முழுவதும் ஆட்களைத் துடைத்தெடுத்தார்கள் என்பது உறுதி. சகோதரர்கள் ஹுவாய்யாங்கில் கலக நகரம் ஒன்றின் முற்றுகைக்குத் துணையாக நிறுத்தப்பட்டிருந்தார்கள். முற்றுகை நெடுநாளாக நடக்கிறது, காயம் படுமா என்பதைச் சொல்ல முடியாது என்கிறான் ஹெய்ஃபூ. போரைப் பற்றி அவன் எழுதியது இவ்வளவுதான். அதே மூச்சில், அதனால் செலவுக்கு அனுப்புவதில் குறை வைக்க வேண்டாம் என்று அம்மாவுக்கு வேண்டுகோள்.

ஜிங்கின் கடிதத்தில் பதற்றம் கூடுதல். ஐந்நூறு, அறுநூறு காசு வேண்டும். நல்ல நெசவாகப் பார்த்து இருபத்தைந்து அடிக்குக் குறையாமல் துணி வேண்டும். யுவான் போ என்பவனின் காசை எடுத்துச் செலவழித்துவிட்டேன், வீட்டிலிருந்து வராவிட்டால் செத்தேன் என்கிறான். பிறகு அவசரம் என்ற எழுத்தை மூன்று முறை எழுதுகிறான்.

ஐந்நூறு அறுநூறு காசு என்பது எவ்வளவு? இங்கேதான் பதினொன்றாம் கல்லறை நான்காம் கல்லறைக்கு உரையாசிரியராகிறது. ஷீயின் சட்ட ஏடுகளில் விலைகள் இருக்கின்றன. அரசுக்கு அபராதமோ கடனோ பட்டவன் உழைத்துக் கழித்தால் ஒரு நாளுக்கு எட்டுக் காசு. அரசே சோறு போட்டால் ஆறு காசு. ஜிங் கேட்ட தொகை அந்த விகிதத்தில் 63 முதல் 75 நாள் உழைப்பு. அரசு கொடுத்த தானியத்தைத் திரும்ப வசூலிக்கும்போது ஒரு ஷிக்கு முப்பது காசு என்று கணக்கு. ஒரு ஷி ஏறக்குறைய இருபது லிட்டர். ஆக ஜிங் கேட்பது 17 முதல் 20 ஷி தானியத்தின் விலை. அரசின் கீழ் வேலை செய்த அடிமை ஆணுக்கு மாதம் இரண்டு ஷி படி அளந்தார்கள். அப்படியானால் இது ஒரு வளர்ந்த ஆளின் எட்டு முதல் பத்து மாதச் சாப்பாடு. ஓர் எளிய உழவுக் குடும்பம் இதை எங்கிருந்து எடுக்கும்?

துணியின் கணக்கு இன்னும் சுவாரசியமானது. சின் சட்டத்தில் துணியும் பணமாகச் செல்லுபடியாகும். எட்டு அடி நீளம், இரண்டரை அடி அகலமுள்ள ஒரு துண்டு பதினொரு காசுக்குச் சமம். அன்றைய சீன அடி 23 சென்டிமீட்டர் என்பதால் ஜிங் கேட்ட துணி ஏறக்குறைய ஐந்தே முக்கால் மீட்டர். சாதாரணச் சணல் நெசவாக இருந்தால் சட்டப்படி முப்பத்து நான்கு காசு மதிப்பு. பட்டாக இருந்தால் கூடும். என்றாலும் ஐந்நூறு அறுநூறு காசின் முன் அது சிறு தொகை. உடுப்பு வாங்குவதற்காக மட்டும் ஜிங் பணம் கேட்கவில்லை என்பது இதிலிருந்து தெளிவு. சின் அரசில் பாசறையோடு சேர்ந்து சந்தைகள் இருந்தன. அங்கே பெண்கள் இருக்கக் கூடாது, யாரும் தனியாகத் தானியம் கடத்தி வந்து விற்கக் கூடாது என்று சின் அரசின் சீர்திருத்தக்காரரான ஷாங் யாங் பெயரில் வழங்கும் நூல் விதி சொல்கிறது. விதி போட வேண்டிய அளவுக்கு அங்கே வியாபாரம் நடந்தது என்றுதான் அதற்குப் பொருள். நெடுநாள் முற்றுகையில் அப்படியொரு சந்தையில் சட்டவிலையா இருந்திருக்கும்?

நான் இந்தச் சட்ட ஏடுகளில் அதிகம் நின்று படித்தது கைதிகளின் உடுப்பு பற்றிய பகுதி. மனைவி இல்லாத அரசு அடிமைக்கும் கோட்டைச் சுவர் கட்டும் தண்டனைக் கைதிக்கும் அரசு உடுப்பு தரும். அதற்குக் குளிர்காலத்துக்கு 110 காசு, கோடைக்கு 55 காசு என்று கணக்கு வைத்தார்கள். முரட்டுச் சணல் மேலாடையில் பெரியது ஒன்றுக்கு எத்தனை எடை சணல், அதன் விலை அறுபது காசு என்பதுவரை எழுதிவைத்திருக்கிறார்கள். ஆனால் போர்முனைச் சிப்பாய் அம்மாவுக்கு எழுதித்தான் கோடைத் துணி வாங்க வேண்டியிருந்தது. மனைவி இல்லாத என்ற அந்த நிபந்தனையைக் கவனிக்க வேண்டும். வீட்டில் பெண் இருந்தால் அவள் நெய்வாள், தைப்பாள், அனுப்புவாள் என்பது அரசின் கணக்கு. சின் படையின் உடை வழங்கல் துறை அன்லூவில் இருந்த இந்த அம்மாவும் அவளைப் போன்ற ஆயிரமாயிரம் அம்மாக்களும்தான்.

சின் முதற்பேரரசனின் சுடுமண் படையில் உடுப்பின் நிறங்கள் ஒன்றுபோல் இல்லை. பச்சை, சிவப்பு, ஊதா, நீலம் என்று கலந்துகிடந்தன. இன்று பெரும்பாலும் உதிர்ந்துவிட்ட அந்த வண்ணங்களுக்குச் சிலர் தரும் விளக்கம், சிப்பாய்கள் வீட்டிலிருந்து வந்த துணியை உடுத்தினார்கள் என்பது. அதற்கு அவர்கள் சாட்சியாகக் காட்டுவது ஹெய்ஃபூவின் கடிதத்தைத்தான்.

ஹெய்ஃபூ தன் கடிதத்தில் இன்னொன்றைத் திரும்பத் திரும்பக் கேட்கிறான். துணியைவிட அதுதான் முக்கியம் என்பது என் வாசிப்பு. வீட்டுக்குப் பட்டம் வந்துசேர்ந்ததா? பதில் எழுதும்போது அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். வரவில்லையென்றால் ஏன் வரவில்லை என்று தெரிவிக்க வேண்டும்.

இது மார்பில் குத்திக்கொள்ளும் பதக்க விஷயமல்ல. கி.மு. நான்காம் நூற்றாண்டில் ஷாங் யாங் கொண்டுவந்த சீர்திருத்தத்தில் உழவும் போரும் ஒரே நூலில் கோக்கப்பட்டன. எதிரிப் படையின் கவசவீரன் ஒருவனின் தலைக்கு ஒரு படி பட்டம். பட்டத்தோடு நிலம் ஒரு கிங், வீட்டுமனை ஒன்பது மூ, ஒரு வேலையாள். ஒரு கிங் நம் கணக்கில் சுமார் பதினொரு ஏக்கர். ஏட்டில் இருந்த இந்த வாக்குறுதி எல்லா இடத்திலும் அப்படியே நிறைவேறியிருக்காது. பின்னர் ஹான் அரசில் கி.மு. 186இல் வழக்கில் இருந்த சட்டத்தில், பட்டமில்லாத குடிமகனுக்கு ஒரு கிங் என்றால் முதற்படிப் பட்டக்காரனுக்கு ஒன்றரை கிங் என்றே இருக்கிறது. அந்த அரை கிங்கே ஒரு குடும்பத்தைத் தூக்கி நிறுத்தும். பட்டத்தைத் திருப்பிக் கொடுத்து அடிமைப்பட்ட தாயையோ தந்தையையோ மீட்கவும் முடியும்: இரண்டு படிக்கு ஓர் ஆள். நிலம், மனை, தண்டனைக் குறைப்பு, பெற்றோரின் விடுதலை எல்லாவற்றுக்கும் மாற்றிக்கொள்ளக்கூடிய ஒரே செல்வம் பட்டம்தான்.

அது வீட்டுக்கு வந்ததா என்று ஏன் இத்தனை பரபரப்பு? ஷீயின் ஏடுகளில் படைப் பட்டம் பற்றிய சட்டம் விடை தருகிறது. முறைப்படி பட்டம் அறிவிக்கப்படும் முன் வீரன் இறந்து, அவன் வாரிசின் மேல் குறிப்பிட்ட குற்றம் இருந்தால் பட்டமும் இல்லை, பரிசும் இல்லை. அறிவித்துவிட்டு, பரிசு கைக்கு வருமுன் இறந்தால் பரிசு உண்டு. அதாவது ஊரில் ஓர் அதிகாரி பதிவேட்டில் எழுதும் நாளுக்கும் இங்கே அம்பு வந்து தைக்கும் நாளுக்கும் நடுவில் ஒரு பந்தயம். உயிரைக் கொடுத்துச் சம்பாதித்தது காகிதம் நகராமல் வீணாகப் போகலாம். காகிதம் இன்னும் கண்டுபிடிக்கப்படாத காலம் என்றாலும் சிவப்பு நாடா அப்போதே இருந்தது.

தளபதியும் இதே கவலையில்தான் இருந்தார். வாங் ஜியென் புறப்படும்போது நல்ல நிலம், வீடு, தோட்டம், குளம் வேண்டுமென்று அரசனிடம் கேட்டதாகவும், எல்லையைத் தாண்டும் முன் ஐந்து முறை ஆளனுப்பி அதை நினைவூட்டியதாகவும் சிமா சியென் எழுதுகிறார். ஆறு லட்சம் பேரைக் கையில் வைத்திருக்கும் தளபதிமேல் அரசனுக்குச் சந்தேகம் வராமலிருக்கச் செய்த தந்திரம் அது என்பதே அவர் தரும் விளக்கம். நிலத்தைத் தவிர வேறு ஆசை இல்லாதவன் கலகம் செய்யமாட்டான் அல்லவா? தளபதிக்கு நடிப்பாக இருந்தது ஹெய்ஃபூவுக்கு நிஜம்.

இன்னொரு கேள்வி. ஒரே வீட்டுப் பிள்ளைகள் இருவரும் எப்படி ஒரே நேரத்தில் படையில் இருந்தார்கள்? எல்லைக் காவல் பற்றிய சின் சட்டம் ஒரே வீட்டில் பதிவானவர்களைச் சேர்த்து அனுப்பக் கூடாது என்கிறது. மீறும் அதிகாரிக்கு இரண்டு கவசம் அபராதம். காசில் அது 2,688. மனிதாபிமானம் நிறைந்த விதிதான். வயலில் ஆள் இல்லாமல் போகக் கூடாது என்ற வரிக் கணக்கும் அதில் உண்டு. ஆனால் ஷாங் யாங்கின் இன்னொரு விதியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு குடும்பத்தில் வயதுவந்த ஆண்கள் இருவரோ அதற்கு மேலோ இருந்து தனித்தனியாகப் பிரியாவிட்டால் இரட்டை வரி. அண்ணன் தம்பிகள் வரிக்குப் பயந்து தனிக்குடித்தனமாகப் பதிவுசெய்துகொண்டால், ஒரே வீட்டார் என்ற பாதுகாப்பு போய்விடும். ஒரு சட்டம் அவர்களைப் பிரித்தது. பிரிந்தவர்களை இன்னொரு சட்டம் காக்கவில்லை. இந்தக் குடும்பத்துக்கு இப்படித்தான் நடந்தது என்பதற்கு நேர் ஆதாரம் இல்லை, இது என் ஊகம். ஆறு லட்சம் பேரைத் திரட்டும் அவசரத்தில் எந்தச் சட்டத்தையும் பார்க்காமலே அள்ளியிருக்கலாம் என்பவர்களோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன். ஆனால் காசும் துணியும் கேட்கும்போது இருவரும் பொது வீடு ஒன்றையும் பொது அம்மாவையும்தான் பார்க்கிறார்கள். பதிவேடு பிரித்த குடும்பத்தை அடுப்பு பிரிக்கவில்லை.

கடிதத்தின் கடைசிப் பகுதி முழுவதும் நலம் விசாரிப்பு. அத்தை, அக்கா, கிழக்கு வீட்டுச் சின்னவள், பக்கத்துக் குடியிருப்பின் பெரியவர்கள் என்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கேட்கிறான். ஒரு வீட்டுச் சின்னவரின் விஷயம் என்ன ஆயிற்று, முடிவானதா இல்லையா என்று ஒரு கேள்வி வருகிறது. கல்யாணப் பேச்சோ வழக்கோ, ஊரே அறிந்த ஒன்று. ஜோங்குக்கு அதற்குமேல் சொல்லத் தேவையில்லை. இடம் குறைந்த பலகையில், எழுத்துகளை நெருக்கி எழுதி, பின்பக்கமும் திருப்பி இத்தனை பேரை விசாரிப்பதை வெறும் சம்பிரதாயம் என்று ஒதுக்கிவிட முடியாது. கடன் வாங்கவும் நாற்று நடவும் பட்டத்துக்குச் சாட்சி சொல்லவும் ஊர் வேண்டும். மறந்துபோனவனுக்கு ஊர் எதையும் செய்யாது.

ஜிங் புதிதாக மணம் செய்தவன். இரண்டு கடிதத்திலும் புதுப்பெண்ணைத் தனியாக விசாரிக்கிறான். பெரியவர்களை முயன்று கவனித்துக்கொள்ளச் சொல்கிறான். அவளிடம் அதற்குமேல் ஒரு சொல்லும் இல்லை. அண்ணன் கையில் போய்ச் சேர்ந்து, கூடத்தில் வைத்து உரக்கப் படிக்கப்படப்போகும் கடிதத்தில் வேறென்ன எழுத முடியும்? அடுத்து ஒரு சிறுமி, அவன் மகள் என்று பலரும் கொள்கிறார்கள். நான் வீட்டைவிட்டுத் தொலைவில் இருக்கிறேன், அதனால் நீதான் அவளுக்குப் புத்தி சொல்ல வேண்டும், விறகு பொறுக்க வெகுதூரம் போகவிடாதே என்று ஜோங்கைக் கேட்டுக்கொள்கிறான். ஆள் குறைந்த வீட்டில் விறகு சுமை சிறுமியின் தலைக்கு இறங்கிவிட்டது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. போர் ஓர் உழவன் வீட்டில் எங்கே போய் வலிக்கும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான ஆவணத்தை நான் பார்த்ததில்லை.

வயலைப் பற்றி எஞ்சிய எழுத்தில் ஒரு சொல்லும் இல்லை. ஹெய்ஃபூவின் கடிதம் இரண்டாம் மாதத்துக்குரியது. விதைப்பை நெருங்கும் காலம். மழை பெய்ததா, யார் உழுகிறார்கள் என்று கேட்டிருக்கலாமே என்று தோன்றும். அதே சின் சட்டத்தில், மழை பெய்தால் எத்தனை பரப்பு நனைந்தது, வறட்சி, காற்று, வெள்ளம், வெட்டுக்கிளியால் எவ்வளவு பயிர் போனது என்று மாவட்ட அதிகாரிகள் எழுதி அனுப்ப வேண்டும். பக்கத்து மாவட்டம் என்றால் வேகமாக நடக்கும் ஆளிடம், தொலைவு என்றால் அஞ்சல் வழியாக. வயலைப் பற்றிக் கவலைப்பட அரசு இருந்தது. சிறுமியைப் பற்றிக் கவலைப்பட ஜிங்கைத் தவிர யாரும் இல்லை.

பிடிபட்ட புதிய நிலத்தைப் பற்றி ஜிங் தரும் செய்தி வரலாற்றாசிரியர்களுக்குப் பொக்கிஷம். நகரங்கள் பல காலியாகிவிட்டன, ஆணைக்கு அடங்காத பழைய குடிகளை அங்கே கொண்டுபோய் நிரப்பப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறான். புதிய நிலத்துக்காரர்கள் கொள்ளையடிக்கிறார்கள், ஜோங் அந்தப் பக்கமே போக வேண்டாம் என்கிறான். மீண்டும் மூன்று அவசரம். பழைய குடி என்றால் அன்லூக்காரர்களும்தான். ஏதாவது சின்ன மீறலுக்காக அண்ணன் பிடிபட்டு, தம்பிகள் வென்றெடுத்த நகரத்துக்குக் குடிமாற்றப்படலாம் என்று அவன் பயந்திருக்க வேண்டும். இடையில், தனக்காக வீட்டில் தெய்வத்துக்குப் படைக்கவும் சொல்கிறான். கலக நகரத்துக்குள் தங்கியிருப்பது அவனுக்கு அவ்வளவு அச்சம் தந்திருக்கிறது.

இந்தப் பலகைகள் எப்படி ஊர் வந்தன? அரசு அஞ்சல் அரசு ஆவணத்துக்கு மட்டும். இவனைப் போன்றவர்கள் ஊருக்குத் திரும்பும் யாரையாவது பிடித்துத்தான் கொடுத்தனுப்ப வேண்டும். முந்தைய கடிதத்தை இன்னார் கையில் கொடுத்தேன் என்று ஹெய்ஃபூவே பெயர் குறிப்பிடுகிறான். சகோதரர்களே எழுதினார்களா, எழுதத் தெரிந்த ஒருவனிடம் சொல்லி எழுதவைத்தார்களா என்ற விவாதம் ஓயாது. எனக்கு அது பெரிய வேறுபாடாகத் தெரியவில்லை. மூன்று அவசரத்தை எந்த எழுத்தனும் தானாகச் சேர்க்கமாட்டான்.

சீனத்தில் இன்று இந்தக் கடிதங்களைச் சொல்பவர்கள் சகோதரர்கள் இருவரும் போரில் மாண்டார்கள் என்றும், அண்ணன் அந்த நினைவைக் கல்லறைக்குக் கொண்டுபோனான் என்றும் கண்ணீரோடு முடிப்பது வழக்கமாகிவிட்டது. நெஞ்சைத் தொடும் கதைதான். ஆனால் அவர்கள் செத்தார்கள் என்பதற்கோ திரும்பினார்கள் என்பதற்கோ ஒரு துண்டு ஆதாரமும் கிடையாது. பட்டம் வந்ததா என்ற கேள்வியைத் தாங்கிய கடிதத்தை ஒரு குடும்பம் ஆவணமாகவே பாதுகாத்திருக்கவும் கூடும். துக்கத்தைக் காட்டிலும் வழக்கு ஒரு பலகையை அதிக நாள் காப்பாற்றும் என்பதை நிலப்பத்திரம் வைத்திருக்கும் எந்தக் குடும்பமும் ஒப்புக்கொள்ளும்.

பின்வந்த ஹான் அரசின் காலத்தில் வடமேற்கு எல்லையான ஜூயெனில் காவல் காத்தவர்களின் மர ஏடுகள் 1930இல் கிடைத்தன. அங்கே சிப்பாய்கள் தங்கள் மேலாடைகளையும் துணியையும் கடனுக்கு விற்ற பதிவுகள் குவிந்திருக்கின்றன. வீட்டுக்கும் எல்லைக்கும் நடுவில் நகரக்கூடிய பணமாகத் துணி நீண்ட காலம் நீடித்தது.

வீடு அனுப்ப முடியாதபோது என்ன ஆகும் என்பதற்கு விடை வேறோர் இடத்தில் கிடைத்தது. ஹூனான் மாகாணத்தின் லியே என்ற ஊரில் 2002இல் ஒரு பழைய கிணற்றிலிருந்து சின் ஆட்சிக்கால ஏடுகள் பல்லாயிரம் வெளிவந்தன. அவற்றில் பன்னிரண்டு பலகைகள் யாங்லிங் மாவட்டத்துக்காரர்கள் பன்னிருவரைப் பற்றியவை. அவர்கள் தெற்கு எல்லையில் தோங்திங் பகுதியில் காவல் காக்கப் போயிருக்கிறார்கள். ஊரில் அவர்கள் பெயரில் அபராதப் பாக்கி. அதிகாரிகள் வீட்டுக்குப் போய்க் கேட்டார்கள். குடும்பம் ஏழை, கட்ட முடியவில்லை என்று எழுதினார்கள். உடனே கடன் மகனைத் துரத்திக்கொண்டு எல்லைக்குப் போகிறது. ஒருவனின் பாக்கி 8,064 காசு. சட்டக் கணக்கில் சரியாக ஆறு கவசம். நாளுக்கு எட்டுக் காசு வீதம் 1,008 நாள் உழைப்பு. அவன் எந்த மாவட்டத்தில் நிறுத்தப்பட்டிருக்கிறான் என்பதுகூட ஊர் அதிகாரிக்குத் தெரியவில்லை. கி.மு. 214இல் தொடங்கிய கடிதப் போக்குவரத்து, பதில் இல்லை, மீண்டும் நினைவூட்டல் என்று நீண்டு 212இல்தான் அடுத்த கட்டத்தை எட்டுகிறது.

ஹெய்ஃபூவின் கடிதத்தையும் இந்தப் பாக்கிப் பட்டியலையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்கு ஓர் அரசின் முழு உருவம் கிடைக்கும். வெற்றி இருந்தவரை எல்லையிலிருந்து பட்டமும் நிலமும் வீட்டுக்கு வரும் என்ற நம்பிக்கையில் வீடு காசும் துணியும் அனுப்பியது. பிடிக்க நாடு இல்லாமல் போனபின் நம்பிக்கை நின்றது, அனுப்புவது நிற்கவில்லை. சின் அரசின் வீழ்ச்சிக்குக் கொடுங்கோன்மை, கட்டுமான வெறி, அரண்மனைச் சூழ்ச்சி என்று பல காரணம் சொல்வார்கள். இந்த இருவழிக் கணக்கு ஒருவழியாகிப்போனதை நான் முதலில் வைப்பேன்.

கி.மு. 209இல் எல்லைக் காவலுக்கு யூயாங் நோக்கிப் போன 900 பேரை மழை வழியில் நிறுத்தியது. தாமதத்துக்குத் தண்டனை மரணம் என்று எண்ணி அவர்கள் கலகம் செய்தார்கள் என்கிறார் சிமா சியென். அரசுப் பணிக்கு ஆள் திரட்டுவது பற்றிய ஷீயின் ஏட்டிலோ, பத்து நாளுக்கு மேல் தாமதமானாலும் ஒரு கவசம்தான் அபராதம். மழை வெள்ளம் என்றால் பணியே ரத்து. படைச்சட்டம் அதைவிடக் கடுமையாக இருந்திருக்கலாம். ஆனால் ஒரு கவசம் என்பது 1,344 காசு, 168 நாள் உழைப்பு. கூலிக்கு ஏர் ஓட்டியவனின் வீட்டில் அதைக் கட்ட யாரும் இல்லை. கலகத்துக்குத் தலைமை தாங்கிய அந்தக் கூலி உழவன் சென் ஷெங். அவன் தன்னை அரசனாக அறிவித்துக்கொண்ட சென் நகரம்தான் ஹுவாய்யாங். மூன்றாண்டுக்குள் சின் பேரரசு முடிந்துபோயிற்று.